யாங் ஜிஷெங்: இளவரசர்களைப் பற்றிய அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உயிர் தப்பியிருப்பாரா?

பனையோலை

சீனாவின் மிங் ஆட்சிக்காலத்தைப் பற்றி இங்கே பேச்செடுத்தால் ஹை ருயியின் பெயர்தான் முதலில் வருகிறது. 1566-இல் சவப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் பேரரசர் ஜியாஜிங்கையே நேரடியாகக் குறைகூறி மனுக் கொடுத்தவர். சிறை சென்றார், ஆனால் பிழைத்தார். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு, அதே பேரரசரின் தலைமைச் செயலரான யான் சோங்கைக் குற்றம்சாட்டிய யாங் ஜிஷெங்குக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அரசனைத் திட்டியவர் தப்பினார், அமைச்சரைத் திட்டியவர் தலை போயிற்று. இது என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

அறியாதவர்களுக்காக அவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1516-இல் இன்றைய ஹெபெய் மாகாணத்தின் ரோங்செங்கில் பிறந்தார். ஏழு வயதில் தாய் இறந்துவிட, தந்தையின் இளைய மனைவி அவரை மாடு மேய்க்க அனுப்பினாள். ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் படிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, தானும் படிக்க வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டார். "நீ சிறுவன், உனக்கு எதற்குப் படிப்பு?" என்றான் அண்ணன். "மாடு மேய்க்க வயது போதும், படிக்க மட்டும் போதாதா?" என்று திருப்பிக் கேட்ட பிள்ளை இவர். முறையாக ஆசிரியரிடம் சேர்ந்தபோது வயது 13. 1547-இல் ஜின்ஷி என்னும் உயர்நிலைத் தேர்வில் வென்றார். பிற்காலத்தில் பேரரசையே நடத்திய ஜாங் ஜூஜெங்கும், எழுத்தாளர் வாங் ஷிஜென்னும் அதே ஆண்டில் தேறியவர்கள்.

1550-இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் பெய்ஜிங் மதில் வரை வந்து சூறையாடிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு, அவரைச் சமாதானப்படுத்த எல்லையில் குதிரைச் சந்தை திறக்கலாம் என்றார் தளபதி சியூ லுவான். போர் அமைச்சகத்தில் இருந்த யாங் அதை எதிர்த்து மனு எழுதினார். பரிசு சிறையும் சித்திரவதையும், பிறகு மேற்கெல்லையில் தீதாவ் என்ற ஊரில் கடைநிலைப் பதவியும். இன்றைய கான்சு மாகாணத்தின் லின்தாவ்தான் அந்த ஊர். அங்கே சும்மா இருந்தாரா? தன் குதிரையையும் மனைவியின் நகைகளையும் விற்று மாணவர்களுக்காக நிலம் வாங்கினார், பள்ளி நடத்தினார். அந்த மக்கள் அவரைத் தந்தை என்றே அழைத்தார்கள்.

1552-இல் சியூ லுவானின் குட்டு வெளிப்பட்டது, அந்த ஆண்டே அவர் இறந்தும் போனார். சியூவோடு பகை கொண்டிருந்த யான் சோங்குக்கு யாங் மீது திடீர்ப் பிரியம் வந்தது. ஒரே ஆண்டுக்குள் நான்கு முறை பதவி மாற்றம். கடைசியில் போர் அமைச்சகத்தில், இராணுவ நியமனங்களைப் பார்க்கும் செல்வாக்கான பிரிவு. தனக்கு ஆளாக்கிக்கொள்ள நினைத்த யான் சோங்குக்கு யாங் தந்த பதில், பதவியேற்ற ஒரு மாதத்தில் எழுதிய குற்றப்பத்திரிகை. மூன்று நாள் நோன்பிருந்து 1553 தொடக்கத்தில் சமர்ப்பித்தார். பத்துக் குற்றங்கள், ஐந்து வஞ்சகங்கள். "இன்று வெளியே உள்ள பகைவன் அல்தான் ஒருவன், உள்ளே உள்ள பகைவன் யான் சோங் ஒருவன்" என்பது அதன் சாரம்.

அந்த மனுவில் ஒரு வரி உண்டு: என் சொல்லில் ஐயம் இருந்தால் யூ, ஜிங் என்னும் இரு இளவரசர்களையும் அழைத்துக் கேளுங்கள் என்று. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் யான் சோங் அவரைக் கொன்றார். அதை எழுதியது பிழையா? என் கருத்தைப் பிறகு சொல்கிறேன்.

கரைவாசி

பிழைதான். யாங்கின் நேர்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை, ஆனால் அரண்மனை நிலவரம் தெரிந்த யாரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

1549-இல் பட்டத்து இளவரசன் இறந்துபோனான். அதன் பிறகு ஜியாஜிங் வேறு யாரையும் வாரிசாக அறிவிக்கவில்லை. அரசனும் வாரிசும் இரண்டு டிராகன்கள், அவை ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்று தாவோயிச குரு தாவ் ஜோங்வென் சொன்னதை நம்பிப் பெற்ற பிள்ளைகளையே விலக்கி வைத்தவர் அவர். 1542-இல் அரண்மனைப் பெண்கள் தூக்கத்தில் கழுத்தை நெரித்துக் கொல்ல முயன்றதிலிருந்து மேற்குப் பூங்காவுக்குக் குடிபெயர்ந்து, அரசவைக்கே வராமல் நீண்ட ஆயுளுக்கான சடங்குகளில் மூழ்கியிருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் மகன்களைக் கேளுங்கள் என்றால் அவர் காதில் எப்படி விழும்? ஓர் இளநிலை அதிகாரிக்கு என் பிள்ளைகளோடு என்ன தொடர்பு, எனக்குப் பின்னால் என்ன திட்டம் நடக்கிறது என்றுதான் விழும். யான் சோங் பொய் எதையும் புனையத் தேவையே இருக்கவில்லை, அந்த வரியைச் சுட்டிக்காட்டினால் போதும். அதைத்தான் செய்தார்.

எதிரியின் கையில் ஆயுதத்தை நாமே கொடுக்கக் கூடாது. இடித்துரைப்பவனுக்கு அறம் மட்டும் போதாது, கேட்பவனின் காதையும் அறிந்திருக்க வேண்டும்.

பனையோலை

கரைவாசி ஐயா, அரண்மனை நிலவரத்தை அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த வரியை மனுவிலிருந்து தனியே பிய்த்தெடுத்துப் பார்க்கிறீர்கள். அது எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

பத்துக் குற்றங்கள் யான் சோங் என்ன செய்தார் என்பதைச் சொல்கின்றன. முதல் குற்றமே நேரே வேரைப் பிடிக்கிறது: மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு 1380-இல் முதலமைச்சர் பதவியை ஒழித்தார், இனி யாரும் அதை உயிர்ப்பிக்கக் கூடாது என்று கட்டளையிட்டார், யான் சோங் பெயர் இல்லாத முதலமைச்சராக நடக்கிறார் என்கிறார் யாங். பேரரசரின் ஆணைகளை வரைவது செயலரின் வேலை. அதை யான் சோங் தன் மகன் யான் ஷிஃபானிடம் விட்டதால் தலைநகரில் பெரிய முதலமைச்சர், சின்ன முதலமைச்சர் என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள் என்கிறார். போர்க்களத்தைப் பாராத பேரப்பிள்ளைகளுக்குப் பொய்யான படைவெற்றியின் பேரில் பதவி. 1550 தாக்குதலின்போது, தலைநகர் அருகே தோற்றால் மறைக்க முடியாது, கொள்ளையர் வயிறு நிரம்பினால் தாமே போய்விடுவார்கள் என்று சொல்லிப் போர் அமைச்சர் தீங் ருகுய்யைச் சண்டையிடாமல் தடுத்தது. பிறகு அந்தத் தீங் ருகுய்யே தண்டிக்கப்பட்டு இறந்தது.

ஐந்து வஞ்சகங்கள் வேறு வகை. இத்தனை நடந்தும் பேரரசருக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு அவை விடை. அந்தப்புரத்துப் பணியாளர்கள் யான் சோங்கின் ஒற்றர்கள். மனுக்கள் முதலில் வந்து சேரும் அலுவலகத்தில் அவருடைய வளர்ப்பு மகன் ஜாவ் வென்ஹுவா. எந்த மனுவும் பேரரசருக்கு முன்பே யான் சோங் கைக்குப் போய்விடும். உளவுப் படையினரோடு திருமண உறவு. கண்காணிப்பு அதிகாரிகள் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். அமைச்சக அதிகாரிகளும் அவர் வலைக்குள்.

கண், காது, வாய், கை எல்லாம் வாங்கப்பட்டுவிட்டன என்று ஒருவர் நிரூபித்துவிட்டால், அடுத்த கேள்வி என்ன? அப்படியானால் நான் யாரைக் கேட்டு உண்மையை அறிவது? பேரரசர் அதைத்தானே கேட்பார்? யான் சோங்கின் தயவு தேவையில்லாத இருவர்தான் அந்த நாட்டில் மிச்சம். சிறையில் விசாரித்தபோது யாங் சொன்னதும் அதுவே: இளவரசர் இருவரைத் தவிர யான் சோங்குக்கு அஞ்சாதவர் யார்? வாய்தவறி விழுந்த வரி அல்ல இது. மனுவின் முழு வாதமும் அங்கேதான் வந்து முடிகிறது. அந்த வரியை எடுத்துவிட்டால் பேரரசரிடம் புலம்பல் இருக்கும், வழி இருக்காது.

வினாத்தாள்

எனக்கு ஒன்று விளங்கவில்லை. இளவரசர்களைக் கேளுங்கள் என்று சொல்வது எந்தச் சட்டப்படி மரண தண்டனைக்குரிய குற்றம்? மிங் சீனத்தில் எழுதப்பட்ட சட்டம் இருந்ததே?

தென்பாதி

இருந்தது தம்பி, இருந்ததால்தான் வளைக்க வேண்டியிருந்தது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் கோபம் வரும் பகுதி இது.

முதலில் அரசவைப் பிரம்படி, நூறு அடி. பிறகு தண்டனை அமைச்சகத்துக்கு அனுப்பி, சட்டப்படி தீர்ப்பு எழுதச் சொன்னார்கள். இளவரசரின் கட்டளை என்று பொய்யாக ஒன்றைப் பரப்புவது மரண தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பிரிவை எடுத்து யாங் மேல் போட்டார்கள். மனுவில் இளவரசர் எவருடைய கட்டளையும் இல்லை. அவர்களை அழைத்துக் கேளுங்கள் என்ற வேண்டுகோள்தான் இருக்கிறது. பொய்க் கட்டளையைப் பரப்புபவன், மூலத்தைச் சரிபாருங்கள் என்று தானே சொல்வானா? தண்டனை அமைச்சகத்தில் ஷி சாவ்பின் என்ற அதிகாரி இதற்கு உடன்பட மறுத்தார். அவரைப் பதவியிறக்கி வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். அமைச்சர் ஹே ஆவ் யான் சோங் விரும்பிய தீர்ப்பையே எழுதினார்.

அதற்குப் பிறகும் பேரரசர் உடனே கொல்லச் சொல்லவில்லை. யாங் மூன்று ஆண்டுகள் சிறையில் கிடந்தார். இடையில் சிலர் யான் சோங்கிடமே போய் அவருக்காகப் பரிந்து பேசினார்கள், அவர் மனமும் சற்று அசைந்தது. ஆனால் அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த ஹு ஜி, யான் மாவ்சிங் இருவரும், புலியை வளர்ப்பவனுக்கு என்ன ஆகும் என்று தெரியாதா என்று அச்சுறுத்தினார்கள். அவர் தலையசைத்தார்.

1555-இல் கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட ஜாங் ஜிங், லீ தியான்சோங் ஆகிய இருவர் மேலும் மரண தண்டனை வந்தது. ஜாங் ஜிங் அந்த ஆண்டுதான் வாங்ஜியாங்ஜிங்கில் பெரிய வெற்றி கண்டவர். அவரைக் காட்டிக்கொடுத்ததும் அதே ஜாவ் வென்ஹுவாதான். அவர்களைக் கொல்ல இசைவு கேட்டுப் போன பட்டியலின் அடியில் யாங்கின் பெயரையும் சேர்த்துவிட்டார் யான் சோங். பேரரசர் ஒப்புதல் தந்தார். அந்த ஆண்டின் பத்தாம் சந்திர மாதத்தில் பெய்ஜிங்கின் மேற்குச் சந்தையில் யாங்கின் தலை வெட்டப்பட்டது. சீனக் கணக்கில் வயது 40.

சட்டப் புத்தகம் இருந்தது, அமைச்சகம் இருந்தது, மறுத்து எழுதும் அதிகாரியும் இருந்தார். கொலை மட்டும் ஒரு பட்டியலின் அடிக்குறிப்பாக நடந்து முடிந்தது.

மாவலி

சிறையில் அவர் இருந்த விதத்தை யாரும் சொல்லவில்லையே.

பிரம்படிக்கு முன் நண்பர் ஒருவர் மலைப்பாம்பின் பித்தப்பையைக் கொடுத்து அனுப்பினார். வலி தாங்க அது உதவும் என்பது அக்கால நம்பிக்கை. ஜியாவ்ஷான் என்பது யாங்கின் புனைபெயர். "ஜியாவ்ஷானுக்குத் தன் பித்தமே இருக்கிறது, பாம்பினுடையது எதற்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சீனர்களுக்குத் துணிவு குடியிருக்கும் இடம் பித்தப்பை என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

அடிபட்ட தொடைகளில் சதை அழுகியது. ஒரு நள்ளிரவில் நினைவு திரும்பி, பீங்கான் கிண்ணத்தை உடைத்து, அந்தச் சில்லால் அழுகிய சதையைத் தானே அறுத்தெடுத்தார். தொங்கிய நரம்புகளையும் கையால் அறுத்துவிட்டார். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த காவலனின் கை நடுங்கி விளக்கு விழப் பார்த்தது. யாங் முகம் மாறவில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். மனைவியிடம், என் பின்னால் நீயும் உயிரை விடாதே, பிள்ளைகள் இன்னும் வளரவில்லை என்று மன்றாடுகிறார். கணவனோடு சாவதே கற்பு என்று போற்றிய காலத்தில், அறத்துக்காகவே சாகப்போகிற ஒருவர் மனைவியை வாழச் சொல்கிறார். மகன்களுக்கு எழுதியதில் அரசியலைவிடக் குடும்ப விவரங்கள்தான் அதிகம். யாங்கை வெறும் வீரச் சிலையாகப் பார்ப்பவர்கள் அந்தக் கடிதங்களை அவசியம் படிக்க வேண்டும்.

அந்த அம்மாளும் சும்மா இருக்கவில்லை. கணவருக்குப் பதிலாகத் தன் தலையை எடுத்துக்கொள்ளும்படி பேரரசருக்கு மனு எழுதினார். அதை மேலே போகவிடாமல் தடுத்தவரும் யான் சோங்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு மாற்றுக் கருத்து. நாம் எல்லோரும் யான் சோங் மேலேயே பழியைச் சுமத்துகிறோம். அவர் பேராசைக்காரர், கொடியவர், மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் அவர் நிலைத்தது எதனால்? பேரரசர் விரும்பியதை எழுதிக் கொடுத்தார், தாவோயிசப் பிரார்த்தனைச் செய்யுள்களை அருமையாக இயற்றினார், ஒருபோதும் எதிர்த்துப் பேசவில்லை. ஜியாஜிங்குக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார். நூறு அடி அடிக்கச் சொன்னதும், பட்டியலுக்கு ஒப்புதல் தந்ததும் யாருடைய கை?

பனையோலை

மாவலி அக்கா, நான் முதலில் கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் அருகில் வந்திருக்கிறீர்கள்.

யாங் மனு முழுவதிலும் பேரரசரைக் குறை சொல்லவில்லை. உங்களை ஏமாற்றுகிறார்கள் என்றே எழுதினார். அதுதான் ஜியாஜிங்கால் பொறுத்துக்கொள்ள முடியாதது. எல்லாவற்றையும் திரைக்குப் பின்னாலிருந்து நானே ஆட்டிவைக்கிறேன் என்று நம்பிய மனிதரிடம், உங்களை ஒருவன் ஆட்டிவைக்கிறான் என்று 15 தலைப்புகளில் நிரூபித்தால், அது யான் சோங் மேல் விழும் அடியா, அரசன் மேல் விழும் அடியா? ஹை ருயி, நீங்கள் கெட்ட அரசர் என்றார். யாங் சொன்னதன் உட்பொருள், நீங்கள் அரசராகவே இல்லை என்பது. இரண்டாவதுதான் கொடிய காயம் என்று நான் கருதுகிறேன். ஹை ருயியும் ஜியாஜிங் அடுத்த சில மாதங்களில் இறந்ததால்தான் விடுதலையானார் என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே கரைவாசி ஐயா, இளவரசர் வரி இல்லாவிட்டாலும் யாங் தப்பியிருக்க மாட்டார். வேறொரு வரியை எடுத்திருப்பார்கள். ஷென் லியானைப் பாருங்கள். 1551-இல் யான் சோங்கின் பத்துக் குற்றங்களை எழுதினார். இளவரசர் பேச்சே இல்லை. எல்லைக்கு விரட்டி, 1557-இல் வெண்தாமரை என்ற இரகசிய மதக் குழுவின் கலகக்காரர்களோடு சேர்த்துப் பொய் வழக்குப் போட்டுக் கொன்றார்கள்.

இதற்கு வலுவான சான்று 1565-இல் கிடைக்கிறது. யான் சோங் 1562-இல் பதவி இழந்தார், மகன் ஷிஃபான் மேல் பிறகு வழக்கு வந்தது. குற்றச்சாட்டை எழுதியவர்கள் யாங் ஜிஷெங், ஷென் லியான் இருவரையும் கொன்ற பழியை அதில் சேர்த்திருந்தார்கள். புதிய தலைமைச் செயலர் ஷூ ஜியே அதைப் பார்த்துவிட்டு, ஷிஃபானைக் காப்பாற்றப் போகிறீர்களா என்று கேட்டார். அந்த மரணங்களுக்கு ஒப்புதல் தந்தவர் பேரரசர். அவற்றைக் குற்றம் என்றால் பேரரசர் தவறு செய்ததாகிவிடும், ஷிஃபான் மறுநாளே வெளியே வந்துவிடுவான். அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, ஜப்பானியக் கடற்கொள்ளையரோடு சேர்ந்து சதி செய்தான் என்று எழுதினார்கள். ஷிஃபான் தலை போயிற்று. உண்மையான குற்றத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்த பிறகுதான் குற்றவாளியைத் தண்டிக்க முடிந்தது.

கரைவாசி

இந்தச் சான்று என் பக்கம்தான் பேசுகிறது என்பேன். ஷூ ஜியே கேட்பவரின் காதை அறிந்திருந்தார், வென்றார்.

ஷூ ஜியே தேசியக் கல்விக்கழகத்தில் யாங்கின் ஆசிரியர். யாங் தன் மனுவில் அவரையும் விடவில்லை; எல்லாவற்றிலும் வளைந்து போகிறார், நாட்டுக்குத் துரோகம் என்றே எழுதினார். அந்த மனுவால் ஷூவே சந்தேகத்துக்கு ஆளானார். இருந்தும் உளவுப் படைத் தலைவர் லு பிங்கிடம், விசாரணை இளவரசர்களைத் தொட்டால் அரச மரபு என்னாகும் என்று எச்சரித்தார். யான் சோங்கிடமும், பேரரசருக்கு இருப்பது இரண்டே பிள்ளைகள், உமக்காக அவர்களைப் பலிகொடுக்க மாட்டார், ஏன் இளவரசர் குடும்பத்தின் பகையைத் தேடிக்கொள்கிறீர் என்றார். விசாரணை விரியாமல் நின்றது. அந்த நேரத்தில் அமைதியாக இருந்து அதைச் செய்ய ஒருவர் தேவைப்பட்டார். எல்லோரும் யாங் ஆகிவிட்டால் யான் சோங்கை வீழ்த்த ஆள் மிஞ்சியிருக்காது.

தென்பாதி

ஷூ ஜியே இளவரசர்களைக் காத்தார், மாணவனைக் காக்கவில்லை. யாங் சிறையில் கிடந்த மூன்று ஆண்டுகளும் அவர் பேரரசரின் செயலர் பேரவையில்தான் அமர்ந்திருந்தார். பொய்க் குற்றச்சாட்டால் ஒருவனைத் தண்டிப்பதை வெற்றி என்று என்னால் ஏற்க முடியவில்லை. யாங்கைக் கொன்றதும் பொய்ப் பிரிவுதானே. உடலை எடுத்து இறுதிக் கடன் செய்ய முன்வந்தவர் வாங் ஷிஜென். அவருடைய தந்தை வாங் யூ 1560-இல் கொல்லப்பட்டதில் யான் சோங்குக்குப் பங்கு உண்டு. அந்தத் துணிவு ஆசிரியருக்கு வரவில்லை.

வினாத்தாள்

பிற்காலத்தில் யாருமே யாங்கின் பெயரை மீட்டெடுக்கவில்லையா? பெய்ஜிங்கில் அவர் நினைவாக ஏதாவது இருக்கிறதா?

பனையோலை

மீட்டவர் யார் தெரியுமா? யாங் சாட்சியாக அழைத்த யூ இளவரசர்தான் 1567-இல் லோங்சிங் பேரரசராக அரியணை ஏறினார். தந்தையின் காலத்தில் இடித்துரைத்து இறந்தவர்களைக் கௌரவித்தபோது முதலிடம் யாங்குக்கு. ஜோங்மின் என்ற மறைவுக்குப் பிந்தைய பட்டமும் உயர் பதவியும் அளித்தார், பாவோடிங்கில் கோயில் எழுந்தது.

பெய்ஜிங்கில் ஷுவான்வூ வாயிலுக்குத் தெற்கே அவர் வாழ்ந்த வீடு சோங்யுன் மடம் என்று அறியப்படுகிறது. 1787-இல் அதை அவருடைய நினைவுக் கோயிலாக மாற்றினார்கள். பிறகு அவருடைய மனுக்களைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதித்தார்கள். 1895-இல் ஜப்பானோடு செய்த ஷிமோனோசெகி உடன்படிக்கையை எதிர்த்து, தேர்வெழுத வந்த பட்டதாரிகளைக் காங் யூவெய் கூட்டியது அங்கேதான். பேரரசருக்கு மனு எழுதப்போகிறவர்கள் வேறெந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள்?

ஷூ ஜியே விவகாரத்தில் நான் தென்பாதி பக்கம். ஆனால் கரைவாசி ஐயா சொன்ன லு பிங் செய்தியை எளிதில் ஒதுக்க முடியாது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

கரைவாசி

பேசுவோம். ஷென் லியானுக்கு நாளை ஓர் இழை தொடங்குகிறேன். எல்லையில் அவர் யான் சோங் உள்ளிட்ட மூன்று அமைச்சர்களுக்கு வைக்கோல் பொம்மை செய்து, மாணவர்களுக்கு அதில் அம்பெய்யக் கற்றுக்கொடுத்தார். அவரைப் பற்றி என் கருத்து இதைவிடக் கடுமையாக இருக்கும். தென்பாதி, சட்டப் பிரிவுகளோடு அவசியம் வாருங்கள்.